மகளுக்காக நான் பின்னிய வலைத்துண்டு

எங்கள் துறையில் நைலோன் வலையை முதன்முதலில் கடலில் இறக்கியவன் நான். தொண்டைமானாற்றுப் பக்கத்தில் வயதுபோன யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சொல்லாதவர் என்மேல் எரிச்சல் உள்ளவராக இருப்பார். பருத்தி நூல் வலையை மரப்பட்டைச் சாற்றில் தோய்ப்பதும் மணலில் காயப்போடுவதுமாகச் சீவியம் போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்த வெள்ளை வலையை நான் கடற்கரைக் கொட்டிலான எங்கள் வாடிக்குக் கொண்டுவந்த அன்று, மீன் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடிவிடும் என்று பகிடி பண்ணினார்கள். சோளகக் காற்று ஓய்வதற்குள் அதே ஆட்கள் வந்து, உந்த வலையை எங்கே எடுத்தாய் என்று கேட்டார்கள். இயந்திரப் படகும் அப்படித்தான். கூலிக்கு வள்ளம் தள்ளப் போனவன் இரண்டு படகுக்குச் சொந்தக்காரனாகி, ஓலைவீட்டைக் கல்வீடாக்கி, ஊரால் 'சம்மாட்டியார்' என்று கூப்பிடப்பட்டவன் நான் ஒருவன்தான். படகும் ஆளும் வைத்துத் தொழில் நடத்துகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பட்டம். அந்தப் பட்டம் தர எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. வாசிப்பும் எழுத்தும் பின்னாளில் பத்திரிகை பார்த்து வந்தவை. இதையும் நானேதான் எழுதுகிறேன். பிழை பார்க்க மட்டும் ஒருவரிடம் கொடுத்தேன். சோதனை மண்டபம் என்ற ஒன்றின் உள்ளே நான் ஒருநாளும் இருந்ததில்லை. காற்றும் நீரோட்டமும் எனக்கு வைத்த சோதனைகளில் நான் தவறியதில்லை என்று கோயில் மேடையிலும் சங்கக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். ஆட்கள் கைதட்டியிருக்கிறார்கள். இன்று எழுதப்போவதை அந்த மேடைகளில் நான் சொன்னதில்லை. என் மகள் ஒரு சோதனையில் தவறினாள். அது எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

ஐம்பத்தாறாம் ஆண்டு எனக்குக் கலியாணம் நடந்தது. மணவறையில் என் மனைவியின் கையைப் பிடித்தபோது உள்ளங்கையைவிட விரல்கள்தான் முதலில் தெரிந்தன. சுண்டுவிரலின் மடிப்பில் ஆழமான ஒரு வெட்டு. ஆறி, மறுபடி வெட்டுப்பட்டு, மறுபடி ஆறி, கயிறு உரசிய கப்பி மாதிரி ஒரு பள்ளம். வலை பின்னுகிற பெண்களுக்கு அப்படி வரும். ஒவ்வொரு முடிச்சையும் சுண்டுவிரலில் நூலைச் சுற்றி இழுத்து இறுக்க வேண்டும். நாளைக்கு நூற்றுக்கணக்கான முடிச்சு. அவள் பன்னிரண்டு வயதிலிருந்து இன்னொரு சம்மாட்டி வீட்டுக்காகக் கூலிக்குப் பின்னிக்கொண்டிருந்தாள். சபையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அந்த விரலை நான் என் உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்தேன். அன்பினால் என்று அவள் நினைத்தாளாம். எனக்கு வந்தது வெட்கம். இப்போது எழுதலாம், அதனால் எழுதுகிறேன்.

சொந்தமாக வள்ளம் வாங்கிய அன்று அவளுடைய மூங்கில் ஊசிகளையும், வலையின் கண்ணளவு பார்க்கிற பலகைத்துண்டையும் எடுத்து அடுப்பில் போட்டேன். அவள் உலை கொதிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எங்கே போனாலும் நான் சொல்லுகிற பேச்சு ஒன்று இருந்தது. என் வீட்டில் பெண்பிள்ளை வலை தொடுவதில்லை. மற்றவர்கள் தங்கள் பெண்களுக்குத் தங்கம் போட்டதைச் சொல்வார்கள். நான் இதைச் சொல்வேன்.

கலியாணமாகி நான்கு வருடத்தின் பின் மகள் பிறந்தாள். ஒரே பிள்ளை. அவளுக்கு ஒன்பது வயதாயிருக்கும்போது நெருப்புக்காய்ச்சல் கண்டு மானிப்பாய் ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை கிடந்தாள். காய்ச்சல் இறங்கி எழும்பி நடக்கத் தொடங்கியதும் அவள் போய் நின்ற இடம் மருந்து கொடுக்கிற யன்னல். அங்கே வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா இருந்தார். கலவை மருந்தைப் போத்தலில் ஊற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, இத்தனை வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, ஓரத்தில் பல்லுப்பல்லாக வெட்டிய ஒரு கடதாசித் துண்டைப் போத்தலில் ஒட்டிக் கொடுப்பார். என் மகள் அந்தக் கடதாசி வெட்டுவதை நாள்முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வந்தபின் எங்கள் வீட்டில் ஒரு போத்தலுக்கும் ஓய்வில்லை. நல்லெண்ணெய்ப் போத்தல், வினாகிரிப் போத்தல், என்னுடைய சாராயப் போத்தல் எல்லாவற்றிலும் கடதாசிப் பல்லு. இத்தனை வேளைக்கு இவ்வளவு. நான் சிரிப்பேன். ஆனால் பிள்ளை விளையாட்டுக்குச் செய்யவில்லை. அந்த யன்னலுக்கு உள்பக்கம் நிற்க என்ன படிக்கவேண்டும் என்று பத்து வயதில் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, பதிலும் வாங்கினாள். பெரிய சோதனை பாஸ் பண்ணி, அதற்கு மேல் விஞ்ஞானம் படித்து, பிறகு மருந்தகப் பயிற்சி. அந்தக் கடிதத்தை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினேன்.

கணக்கில் அவள் கெட்டிக்காரி. என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. அவளுடைய வாத்தியார்மார் சொன்னதைச் சொல்கிறேன்.

அவள் பெரிய சோதனை எழுதுகிற காலம் வந்தபோது சோதனையே மாறிவிட்டது. பழைய சோதனையை அரசாங்கம் எடுத்துவிட்டுப் புதியதொன்றைக் கொண்டுவந்தது. புத்தகப் படிப்போடு ஒரு கைத்தொழிலும் எல்லாப் பிள்ளைகளும் படிக்கவேண்டும், ஊரில் என்ன தொழில் இருக்கிறதோ அதைப் பள்ளிக்கூடம் படிப்பிக்கவேண்டும் என்றார்கள். தோட்டக்கார ஊர்களில் வெங்காயம், எங்கள் ஊரில் மீன்பிடி. பெண்பிள்ளைகளுக்குத் தையல் படிப்பிக்க ஆள் வருவதாக இருந்தது, வரவில்லை. அதனால் பெண்பிள்ளைகளும் மீன்பிடி. அந்தப் பாடத்தில் பாஸ் இல்லாமல் மேல்வகுப்பு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

நான் போய்ச் சண்டை போட்டேன். கடலில் கிடந்து கரைந்து நான் பிள்ளையைப் படிக்கவைப்பது கடலை விட்டு ஏற்றுவதற்கு. நீங்கள் பள்ளிக்கூடத்துக்குள் கடலைக் கொண்டுவந்து வைக்கிறீர்களா என்று கேட்டேன். தலைமையாசிரியர் பொறுமையான மனிதர். கொழும்பில் இருந்து வந்த சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். அதை நான் வாசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மீன்பிடி படிப்பிக்க வந்தவர் கடல் இல்லாத உட்பகுதி ஊரில் தோட்டம் துரவோடு வளர்ந்த விஞ்ஞான வாத்தியார். சில நாள் பயிற்சிக்குப் போய்வந்து, புத்தகத்தோடு நின்றார். ஒருநாள் பிள்ளைகளுக்குப் படகு காட்ட அனுமதி கேட்டு வாடிக்கு வந்தார். என் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். விட்டுவிட முடியுமா?

"மாஸ்டருக்கு நீச்சல் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது சம்மாட்டியார். சோதினைப் பேப்பரிலை நீச்சல் இல்லை" என்றார்.

என் ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் அன்றிலிருந்து அவரோடு எனக்கு ஒரு கோணல். என் மகளுக்கு மீன்பிடியில் சோதனையாம், என் பேரைச் சொன்னாலே பாஸ் போடவேண்டிய பாடமாம் என்று அவர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எழுத்துச் சோதனையோடு கைவேலையும் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் சொந்தக் கையால் ஒரு வலைத்துண்டு பின்னி வைக்கவேண்டும். வெளியிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். பள்ளிக்கூடம் நூலும் ஊசியும் கொடுத்தனுப்பியது. ஒரு பின்னேரம் நான் கடலால் வந்து கால் கழுவிக்கொண்டு உள்ளே போகிறேன், மகள் யன்னல் கம்பியில் நூலைக் கட்டிவைத்துக்கொண்டு பின்னுகிறாள். இரண்டு வரிசை வந்திருந்தது. ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. வியர்வையில் நூல் கறுத்திருந்தது. தாய் பக்கத்தில் நின்றாள். அவளுடைய கை தானாக அசைந்துகொண்டிருந்தது.

நான் கத்தவில்லை. அந்தத் துண்டைக் கையில் எடுத்தேன். இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழுவை இழுத்தேன். முடிச்செல்லாம் வழுக்கிக் கழன்று வெறும் நூலாக வந்தது.

"உதிலை மீன் நிக்குமே, பிள்ளை?" என்று சிரித்தேன். பகிடிக்குத்தான். அவளும் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

மனைவி அன்றைக்குத்தான் என்னோடு எதிர்த்துக் கதைத்தாள்.

"இஞ்சருங்கோ, நான் காட்டிக் குடுக்கிறன். நாலு நாளிலை பிடிச்சிடுவாள்."

"இந்த வீட்டிலை ஆரும் ஊசி பிடிக்கத் தேவையில்லை."

"உது வயித்துப்பாட்டுக்கே? படிப்புக்கு."

"என்னத்துக்கோ, நூல் நூல்தான். என்ரை பிள்ளையின்ரை விரலிலை ஒரு கீறல் விழக்கூடாது."

அவள் தன்னுடைய கையைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஊசியையும் நூலையும் நான் வாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பின்னேரம் இருந்து நானே பின்னினேன். நைலோன் வந்த பிறகு கிழிந்த வலை பொத்துகிற வேலையைத் தவிர, முழுதாகப் பின்னுவதற்குக் கை மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். மறக்கவில்லை. கண்ணெல்லாம் ஒரே அளவு. ஓரத்துக்கு இரட்டை நூல் போட்டு, கரை நெடுக இழுவை தாங்குகிற மாதிரி ஒரு மடிப்புக் கட்டு, கரைக்கட்டு என்போம். அந்தக் கட்டை எங்கள் துறையில் என்னைத் தவிர இன்னும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். என் சீவியத்தில் அப்படியொரு துண்டை நான் பின்னியதில்லை. ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்னத்துக்கு என்று கேட்டவர்களுக்கும் ஒளிக்காமல் சொன்னேன். களவு என்று எனக்குத் தோன்றவேயில்லை. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பது மாதிரித்தான் இருந்தது.

மகள் அதைக் கையில் வாங்கி, கண் கண்ணாக விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது என்ரை கை மாதிரி இல்லையே, அப்பா."

"உன்ரை கை மாதிரி இருந்தால் ஆர் பாஸ் போடுவினம்?"

அவள் அதை மடித்துப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டாள். புத்தகத்தில் மீன்பிடிப் பாடம் முழுவதையும் மனப்பாடமாக்கியிருந்தாள். நான் ஒருநாளும் கேட்டிராத மீன்களின் பெயர்கூட அவளுக்குத் தெரியும். ஊசியை மட்டும் அதன்பிறகு அவள் தொடவில்லை.

உத்தியோகத்தர் வருகிற நாளில் நான் படகை அனுப்பிவிட்டுக் கரையில் நின்றுவிட்டேன். அவருடைய மத்தியானச் சாப்பாட்டுக்கென்று நல்ல விளைமீனாகப் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அவர் அதைத் தொடாமல் தான் கொண்டுவந்த இடியப்பப் பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டாராம். அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. பள்ளிக்கூட வேலிக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றேன். உள்ளே நடந்தது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை.

மகள் வெளியே வந்தாள். மற்றப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவள் நடந்து வந்தாள்.

"வலையைப் பாத்து என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்கெண்டு சொன்னவர், அப்பா."

அவ்வளவுதான். அதற்கு மேல் நான் கேட்கவுமில்லை. நேரே வாடிக்குப் போய், கொழும்பு உத்தியோகத்தரே என் வலையைப் பார்த்து மயங்கிவிட்டார் என்று சொன்னேன். அவர் கொழும்பா, யாழ்ப்பாணமா என்றுகூட எனக்குத் தெரியாது. பெறுபேறு வரும்வரை அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த மாதங்கள் முழுக்க மகள் என் சாப்பாட்டைப் போட்டுத் தந்து, என் வாயால் அந்தக் கதை வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெறுபேறு வந்த அன்று வாத்தியார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். மற்றப் பாடமெல்லாம் நல்ல பாஸ். கணக்கிலும் விஞ்ஞானத்திலும் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள்தான் முதல். மீன்பிடியில் மட்டும் இல்லை. நான் எழும்பி நின்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். உங்களுக்கு நீச்சல் தெரியாது, உங்கள் உத்தியோகத்தருக்கு வலை தெரியாது, கடற்கரையான் பிள்ளை என்று வேண்டுமென்றே வெட்டியிருக்கிறீர்கள், கொழும்புக்குப் போவேன், பெட்டிசம் போடுவேன் என்றெல்லாம். வாத்தியார் நான் களைக்கும்வரை இருந்தார். பிறகு உள்ளே நடந்ததைச் சொன்னார்.

உத்தியோகத்தர் மேசையில் இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாராம். எல்லாம் கோணலும் மாணலும். என் மகளுடையதை எடுத்ததும் முகம் மாறி, யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்து, மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினாராம். இது யாருடையது என்று கேட்டிருக்கிறார். அவள் எழும்பியிருக்கிறாள். அவருக்குச் சந்தேகமே இல்லை. உண்மையான ஆசையோடு ஊசியையும் நூலையும் அவள் கையில் கொடுத்து, "இந்தக் கரைக்கட்டை எனக்கு ஒருக்காப் போட்டுக் காட்டும், பிள்ளை. பத்துக் கண் போட்டால் காணும்" என்றாராம்.

பத்துக் கண். வெற்றிலை போட்டு வாய் சிவப்பதற்குள் என் மனைவி நூறு கண் போடுவாள்.

மகள் ஊசியை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. பயத்தில் கை வரவில்லையாக்கும் என்று நினைத்து அவர் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். அவள் போகவில்லை. நிமிர்ந்து நின்று, "நான் பின்னேல்லை, ஐயா. அப்பா பின்னினது" என்றாளாம்.

"அவருக்கு வேறை என்னத்தை எழுத ஏலும், சம்மாட்டியார்?" என்றார் வாத்தியார். "கோணல் வலை கொண்டுவந்த பிள்ளையள் எல்லாத்துக்கும் பாஸ் போட்டவர். உங்கடை பிள்ளையும் கோணலாய் ஒண்டு கொண்டு வந்திருந்தால்..." அவர் முடிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மகள் கதவடியில் நின்றாள். அவளிடம் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

அடுத்த தடவை மறுபடி எழுதலாம் என்று வாத்தியார் சொல்லிவிட்டுத்தான் போனார். மனைவியும் சொன்னாள். ஆறு மாதம் இருக்கிறது, நான் இருந்து காட்டுகிறேன், நீங்கள் கடலுக்குப் போன நேரத்தில் காட்டுகிறேன், உங்கள் கண்ணில் படாது என்றாள். என்னை அடக்குவதற்கு அந்தக் கடைசிச் சொல்லைச் சேர்த்தாள். அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. சம்மாட்டியின் மகள் மீன்பிடியில் இரண்டாந்தரம் சோதனை எழுதினாள் என்று ஊர் சிரிக்கும். இதுவரை என் காதுக்கு வராமல் கதைத்ததை, தகப்பன் செய்த களவு பிடிபட்டது என்று இனி ஒவ்வொரு வாடியிலும் வெளியாகக் கதைப்பார்கள். பிள்ளை படித்தது போதும் என்றேன். நான் ஐந்தாம் வகுப்போடு இந்த நிலைக்கு வரவில்லையா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டு வென்றிருக்கிறேன். என் வீட்டிலும் அன்று வென்றேன்.

அந்த ஆவணியில் அரியாலையில் அவளைக் கட்டிக் கொடுத்தேன். மருமகன் தங்கமான பிள்ளை. களங்கடல் என்கிற ஆழமில்லாத கடலேரியில் இறால் தொழில். கலியாணத்துக்கு ஊரே வந்தது. மூன்று வேளைப் பந்தி. அப்படியொரு கலியாணம் அந்தப் பக்கத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை, ஆனால் சொன்ன பிறகும் ஒரு சுகமும் இல்லை.

இரண்டொரு வருடத்தில் அரசாங்கம் மாறியது. புதிய சோதனையை எடுத்துவிட்டுப் பழைய சோதனையையே திருப்பிக் கொண்டுவந்தார்கள். மீன்பிடிப் பாடம் போய்விட்டது. ஒருநாள் மானிப்பாய் பஸ்ஸில் அந்த வாத்தியாரைக் கண்டேன். பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொன்னார். ஊசியும் நூலும் அலுமாரிக்குள் கிடக்கின்றன, கேட்பார் ஆருமில்லை என்றார். அந்த வருடம் எங்கள் துறையிலிருந்தே இரண்டு பெண்பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போனார்கள். ஒரு முடிச்சுப் போடத் தெரியாது இருவருக்கும். தெரியவேண்டிய தேவையும் இல்லை. அவர்களுடைய தகப்பன்மார் இருவரும் என் படகில் கூலிக்கு வருகிறவர்கள். சோற்றுப் பொதியை அவிழ்க்கும்போது பிள்ளைகளின் கதை சொல்வார்கள். நான் இயந்திரத்தைப் பார்க்கப் போய்விடுவேன்.

இந்தச் சோதனை விஷயத்தை நான் பலவிதமாகத் திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். முதலில் அரசாங்கத்தைத்தான் பேசினேன். இவர்கள் சட்டை மாற்றுகிற மாதிரிச் சோதனையை மாற்றுவார்கள். அந்த இரண்டு சட்டைக்கும் நடுவில் அகப்பட்ட பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? என் மகள் மூன்று வருடம் முந்திப் பிறந்திருந்தாலும் தப்பியிருப்பாள், மூன்று வருடம் பிந்திப் பிறந்திருந்தாலும் தப்பியிருப்பாள். மருந்தை அளந்து ஊற்றப்போகிற பிள்ளைக்கு வலை முடிச்சு என்னத்துக்கு? கணக்கில் முதலாவதாக வந்தவளை ஒரு முடிச்சுக்காக வாசலில் நிறுத்துகிற சோதனையும் ஒரு சோதனையா? இந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் விடவில்லை. ஒரு வாசல், ஒரு தரம், ஒரு அளவு என்று வைத்தால் அந்த அளவுக்கு வராத நல்ல பிள்ளைகள் வெளியில் நிற்பார்கள். என் வலையில் நான் கண்ணளவை மீனுக்கு மீன் மாற்றுகிறேன். ஒரே கண்ணில் எல்லா மீனையும் பிடிக்கப் பார்க்கிறவனைக் கடற்கரையில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

ஆனால் இப்படி யோசித்துக்கொண்டு போனால் ஓர் இடத்தில் தட்டும். அந்த உத்தியோகத்தர் கேட்டது பெரிய கேள்வியில்லை. கையால் ஒரு வேலை செய்யத் தெரிகிறதா என்று கேட்டார். கோணலாகச் செய்தவர்களையும் ஏற்றுக்கொண்டார். படித்த பிள்ளைக்கும் ஊர்த்தொழில் கொஞ்சம் தெரியட்டும் என்று நினைத்தவர்கள் என்னையும் என் மனைவியையும் மதித்துத்தான் நினைத்திருக்கிறார்கள். மதிக்காதவன் நான். கடலில் எனக்கு வந்த பெருமையெல்லாம் எந்த விரலால் வந்ததோ, அந்த விரலை ஒளித்துப் பிடித்தவன் நான். அந்தச் சோதனையில் உண்மையாகத் தவறின ஆள் வேலிக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான்.

எண்பதுகள் தொடங்கியபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடம் விட்டவர்களும் வெளியிலிருந்து, திருப்பி வந்த அந்தப் பெரிய சோதனையை எழுதலாம் என்று பத்திரிகையில் பார்த்தேன். மகளுக்கு இருபது வயது தாண்டியிருந்தது, இரண்டு பிள்ளைகள். இருந்தால் என்ன? விண்ணப்பப் பத்திரம் எடுத்து, எனக்குத் தெரிந்த ஒரு கிளாக்கரைப் பிடித்து, பேர், விலாசம், பாடங்கள் எல்லாவற்றையும் தட்டெழுத்து மாதிரி வடிவாக நிரப்புவித்தேன். இரண்டு பஸ் மாறி அரியாலைக்குப் போனேன். மருமகன் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன்.

மகள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்திரத்தை மேலிருந்து கீழே வாசித்தாள். எல்லாப் பாடத்தையும் வாசித்தாள். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் நிரப்பிப் போட்டியள்" என்றாள்.

"ஓம் பிள்ளை. நீ ஒண்டுக்கும் அலையத் தேவையில்லை. கையெழுத்து மட்டும் போட்டால் சரி."

"அதையும் நீங்களே போட்டிருக்கலாமே, அப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை தகப்பனைப் பார்த்துச் சொல்லுகிற சாதாரணக் குரல். வைத்துவிட்டுப் போங்கோ, பாக்கிறன் என்றாள். நான் எழும்பி வரும்போது பத்திரம் மேசையில் சீனிப் போத்தலுக்குக் கீழே கிடந்தது. பெரியவன் அதன்மேல் கையை வைக்கப் போக, அவள் அவனுடைய கையை விலக்கிவிட்டாள். பஸ் ஏறும்வரை அதையே பெரிய நம்பிக்கையாக நினைத்துக்கொண்டு நடந்தேன்.

கடைசித் திகதி வந்து போனது. சோதனைக் காலமும் வந்து போனது. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. சந்நிதிக் கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் எங்களோடு நின்றாள். கடலைப் பற்றி, இறால் விலையைப் பற்றி, பிள்ளைக்குப் பல்லு முளைத்ததைப் பற்றியெல்லாம் கதைத்தோம்.

அவள் திரும்பிப் போனபிறகு ஒரு பின்னேரம் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சொன்னாள். மகள் நான் கொடுத்த பத்திரத்தைக் கிழித்துவிட்டுத் தானே புதிதாக ஒன்று எடுத்து, தன் கையால் நிரப்பி அனுப்பியிருக்கிறாள். அனுமதி அட்டையும் வந்திருக்கிறது. முதல்நாள் கணக்குப் பேப்பர். பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டுப் போய், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து முழுவதையும் எழுதிவிட்டு வந்திருக்கிறாள். அடுத்த நாளிலிருந்து போகவில்லை. ஏன் என்று தாய் கேட்டதற்கு, "எனக்கு இன்னும் ஏலுமோ எண்டு பாக்கத்தான் போனனான், அம்மா. ஏலுது" என்றாளாம். இரண்டு பிள்ளைகளோடு அதற்கு மேல் எங்கே போவது என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"எனக்கு ஏன் நீ முதலே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"அப்பாட்டைச் சொல்லாதேங்கோ எண்டு சத்தியம் வாங்கினவள்" என்றாள் மனைவி. "சொன்னால், மிச்சப் பேப்பர் எல்லாத்தையும் அவர் தானே போய்க் குந்தியிருந்து எழுதிப்போட்டு வந்திடுவாராம்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். வெங்காயக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிள்ளை சொன்னது பிழையில்லை. நான் போயிருப்பேன்.